ஒரு மாலைக் கிரேக்கர்

அமெரிக்காவில் கிரேக்க ஆர்த்தடாக்ஸ் கோயில் உள்ள ஊர்களில், ஆண்டுக்கொரு முறை அதன் வளாகத்தில் கூடாரங்கள் எழும்பி, சுட்ட இறைச்சியின் வாசனையும் புஸூக்கி வாத்தியத்தின் நாதமும் ஊராரை மதபேதமின்றி வரவழைப்பது வழக்கம். கிரேக்கரல்லாத ஒரு கனவான் அந்த ஒரு மாலைக்கு மட்டும் கிரேக்கராகிவிடும் அதிசயத்தையும் அங்கே தவறாமல் காணலாம்; உடன் அவருடைய தர்மபத்தினியும் வந்திருப்பார்.

என்றோ ஒரு கப்பல் யாத்திரையின் நடுவே ஏதென்ஸில் அரை நாள் இறங்கியதே கனவானுடைய பாண்டித்தியத்தின் மூலதனம். உணவுச் சீட்டு வாங்கும் வரிசை எவ்வளவு நீளமோ அவ்வளவு நீளம் அவருடைய பிரசங்கமும் இருக்கும். ஊஸோ மதுவில் தண்ணீர் சேர்த்ததும் அது வெளுப்பதற்கு, சாராயத்தில் கரைந்திருந்த சோம்பு எண்ணெய் தண்ணீரில் கரையாமல் பிரிவதே காரணம் என்று முன்னால் நிற்பவருக்கு விளக்குவார். இந்நாட்டின் முதல் கிரேக்கச் சபையை 1864-ல் நியூ ஆர்லியன்ஸில் பருத்தி வியாபாரிகள் நிறுவிய வரலாற்றை, சீட்டு விற்கும் கிரேக்க இளைஞனுக்கே எடுத்துரைப்பார். அம்மையாரோ இதற்குள், பாட்டிமார் பல வாரங்களாகக் கோயில் கைங்கரியமாக ஏடு ஏடாக வெண்ணெய் தடவி அடுக்கிச் சுட்டு வைத்த பக்லாவாவில் எந்தத் தட்டு நேர்த்தியானது என்பதை அவர்களிடமே விசாரித்து அறிந்து, நிழலில் இரண்டு நாற்காலிகளையும் பிடித்திருப்பார்.

கோயிலைச் சுற்றிக் காட்டும் பாதிரியார், கருவறையை மறைத்து நிற்கும் திருவுருவத் திரையைக் குறித்து வாய் திறக்குமுன், கனவான் அதே விஷயத்தை மனைவியிடம் இரகசியமாகச் சொல்லத் தொடங்குவார். அந்த இரகசியம் கோபுரக் குடைவில் எதிரொலித்து எல்லோருக்கும் கேட்குமாகையால், பாதிரியார் புன்னகையோடு மௌனமாகிவிடுவார்.

இரவு நெருங்க, கைகோத்த வட்டம் வலப்புறமாகச் சுழலும் கலமாத்தியானோஸ் நடனம் தொடங்கும். ஏழு அட்சரத் தாளம், பன்னிரண்டு அடி என்று கனவான் இலக்கணம் சொல்லிக்கொண்டிருக்கையிலேயே, கறுப்புடை அணிந்த ஒரு மூதாட்டி அம்மையாரின் கையைப் பற்றி வட்டத்துக்குள் இழுத்துப் போய்விடுவார். அடிகளை எண்ணாத அம்மையாரின் கால்களுக்கு இரண்டாம் சுற்றிலேயே ஆட்டம் பிடிபட்டுவிடும். சாஸ்திரம் அறிந்தவர் சும்மா நிற்கலாமா? கனவானும் புகுவார், உரக்க எண்ணியபடியே ஐந்தாம் அடியில் இடப்புறம் திரும்புவார், வட்டம் அந்த இடத்தில் அறுந்துபோகும்.

வீடு திரும்பும் வழியெல்லாம், வாத்தியக்காரர்கள் தாளத்தைக் கோட்டைவிட்ட விதத்தைக் கனவான் ஆதாரபூர்வமாக நிரூபித்துக்கொண்டு வருவார். பக்லாவாப் பெட்டியை மடியில் வைத்திருக்கும் அம்மையார் ஒரு வார்த்தையும் மறுத்துப் பேசமாட்டார். அடுத்த ஆண்டும் அந்த நீண்ட வரிசையில் நிற்க ஓர் ஆள் வேண்டுமல்லவா?