வரலாற்றுப் படங்களின் வால்பாட்டு: ஓர் ஆய்வு முன்னுரைக்கு முன்னுரை

வரலாற்றுப் படம் முடிந்து பெயர்ப்பட்டியல் மேலே ஏறத் தொடங்குகையில், இரண்டரை மணி நேரம் படம் கட்டிக்காத்த காலத்தையும் கனத்தையும் ஒரே அடியில் தட்டிவிட்டுக் கிளம்பும் பாட்டு இவ்வாய்வில் 'வால்பாட்டு' எனப்படும். இத்துறையில் தமிழில் முறையான ஆய்வு எதுவும் வெளிவரவில்லை. ஆங்கிலத்தில் வந்திருக்கக்கூடும். அவற்றைப் படித்தால் நம் முடிவுகள் கெட்டுவிடும் என்பதால் படிக்கவில்லை.

பழங்காலத்தில் வால்பாட்டு இல்லை. பெயர்களை எல்லாம் படத்தின் தலையிலேயே காட்டி முடித்தார்கள். கடைசியில் 'சுபம்' அல்லது 'வணக்கம்' என்று ஒரு அட்டை, அதோடு சரி. பின்னாளில் தச்சர், தையல்காரர், குதிரைக்காரர், அவருடைய உதவியாளர் எனப் பெயர்கள் பெருகிப் படத்தின் வாலுக்கு வந்தன. அத்தனை நிமிடத்தையும் நிரப்ப ஏதாவது ஒலித்தாக வேண்டியதாயிற்று.

எந்த ஆய்வுக்கும் காலக்கணிப்பே முதற்படி. பாட்டு வெளிவந்த ஆண்டிலிருந்து கதை நடக்கும் ஆண்டைக் கழித்தால் வருவது 'உறுத்தல் எண்'. 'ராபின் ஹுட்: பிரின்ஸ் ஆஃப் தீவ்ஸ்' கதை 1194-இல் தொடங்குகிறது, வாலில் பிரையன் ஆடம்ஸ் பாடுவது 1991-இல். உறுத்தல் எண் 797. 'கேங்ஸ் ஆஃப் நியூயார்க்' 1863 கலவரத்தில் முடிய, பின்னாலேயே 2002-இன் யு2 குழு வருகிறது: 139. டைட்டானிக் 1912-இல் மூழ்கியது, செலின் டியோன் எழுந்தது 1997-இல்: 85. கழித்தலில் பிழையிருந்தால் அது நெறியாளரைச் சாரும்.

இம்முறையில் ஒரே ஒரு குறை உண்டு. அது தவறு. குப்ரிக்கின் 'பேரி லிண்டன்' படத்தின் கடைசிக் காட்சியில் லிண்டன் சீமாட்டி ஒரு பணவோலையில் கையெழுத்திடுகிறாள்; அதில் தேதி டிசம்பர் 1789. பின்னணியில் ஒலிப்பது ஷூபர்ட் 1827-இல் எழுதிய இசை. ஷூபர்ட் பிறந்ததே 1797-இல்தான். பிறப்பதற்கு எட்டாண்டு இருக்கையில் ஒருவர் அறைக்குள் வந்து பியானோ வாசித்திருக்கிறார், யாருக்கும் உறுத்தவில்லை. அந்தப் படத்தின் இசையமைப்புக்கு ஆஸ்கர் வேறு கொடுத்தார்கள். அடுத்து வரும் பெயர்ப்பட்டியலுக்கோ 1759-இல் இறந்துபோன ஹேண்டலின் இசை. அதாவது உறுத்தல் எண் பூச்சியத்துக்கும் கீழே போகிறது.

'எ நைட்ஸ் டேல்' இன்னும் மோசம். பதினான்காம் நூற்றாண்டுக் கதை. கவிஞர் சாசரே ஒரு பாத்திரமாக நடமாடுகிறார். அவர் இறந்தது 1400. வாலில் குயீன் குழுவுடன் ராபி வில்லியம்ஸ் பாடியது 2001. ஆக, உறுத்தல் எண் குறைந்தது 601. ஆனால் படம் தொடங்கும்போதே 1977-ஆம் ஆண்டுக் குயீன் பாட்டுக்குக் குதிரைப் போட்டி பார்க்க வந்த கூட்டம் தாளம் தட்டுகிறது. வாசலிலேயே சொல்லிவிட்டு உள்ளே வந்தவன்மேல் யாருக்கு என்ன வருத்தம்? 'மேரி ஆன்டாய்னெட்' கதையும் இதுவே. சோஃபியா கொப்போலா முதல் காட்சியிலிருந்தே கிதாரைக் கொண்டுவந்துவிட்டார். சூறையாடப்பட்ட வெர்சாய் அறையைக் காட்டி முடிக்கும்போது 1981-இன் 'தி கியூர்' குழு ஒலிப்பது, அந்த அரசியின் துக்கத்துக்கு வந்த சொந்தக்காரர் குரலாகவே இருக்கிறது.

முறை பொய்த்தால் அறிஞர் முறையைக் கைவிடுவதில்லை. பொய்ப்பித்த சான்றுகளை இடைச்செருகல் என்று ஒதுக்குவார். அவ்வாறே இம்மூன்று படங்களும் ஒதுக்கப்பட்டன.

இனி வகைப்பாடு.

துடுக்குப்பாட்டு: கதையின் காலத்தை மதியாமல் வாலில் வந்து நுழைவது. மேலே கண்டோம்.

உறவுப்பாட்டு: படத்துக்குள் ஏற்கெனவே உலவிய மெட்டு, முடிவில் சொற்களைக் கட்டிக்கொண்டு வருவது. டைட்டானிக் இவ்வகை. முடிவில் பாட்டே வேண்டாம் என்றிருந்தவர் ஜேம்ஸ் கேமரூன். இசையமைப்பாளர் ஹார்னர் அவருக்குச் சொல்லாமல் வில் ஜென்னிங்ஸை எழுதவைத்து, செலின் டியோனைப் பாடவைத்து, இயக்குநர் நல்ல மனநிலையில் இருக்கும் நாள் பார்த்துப் போட்டுக்காட்டினார். சம்பள உயர்வு கேட்கப் போகும் எவருக்கும் இந்த ஆய்வுமுறை தெரிந்ததே.

பரிசுப்பாட்டு: ஆஸ்கர் விதிப்படி ஒரு பாட்டு படத்துக்குள் ஒலித்திருக்க வேண்டும், இல்லையேல் பெயர்ப்பட்டியலின் முதல் இசையாக வர வேண்டும் என்று நெடுங்காலம் இருந்தது. 'கேங்ஸ் ஆஃப் நியூயார்க்' முடிவில், கலவரத்தில் செத்தவர்களின் கல்லறைகள்மேல் புல் முளைத்து முடியும்முன் பாட்டு ஏன் அவசரமாக நுழைகிறது என்பதற்கு அழகியல் விளக்கம் தேடியவர்கள், முதலில் விதிப்புத்தகத்தைப் புரட்டியிருக்கலாம்.

பிற: ஆய்வுக்குரியன. (ஆய்வுக்குரியது என்று எழுதிவிட்டால் ஆய்வு செய்ய வேண்டியதில்லை என்பது துறையில் யாவரும் அறிந்தது.)

வால்பாட்டுக்குத் திணை வகுக்காமல் விடுவது பெரும் குறையாகும். இதன் நிலம், அரங்கின் கடைசி மூன்று வரிசை. பொழுது, இரண்டாம் ஆட்டம் விடும் நள்ளிரவு. கருப்பொருள்களுள் தெய்வம், கண்ணில் படாத ஆபரேட்டர், உணா, பாப்கார்ன் டப்பாவின் அடியில் பொரியாமல் கிடக்கும் சோளம், மா, எலி, மரம், பிளைவுட், பறை, வெளிவாசல் கதவின் கிறீச்சொலி, மக்கள், துடைப்பத்தோடு நாம் எப்போது தொலைவோம் என்று பார்த்து நிற்கும் ஊழியர். உரிப்பொருள், எழுதலும் எழுதல் நிமித்தமும்.

எழுதல் நிமித்தமாவது: பின்பக்கம் இருக்கையை விட்டிருக்கும், முழங்கால் நிமிர்ந்திருக்காது. வலக்கால் செருப்பை மாட்டியிருக்கும். இடக்கால் முன்வரிசைக்கு அடியில் போன இன்னொன்றைத் தேடும். ஒரு கை துப்பட்டாவால் கண்ணைத் துடைக்கும், மறுகை பார்க்கிங் டோக்கனுக்குத் துழாவும். மனம் இன்னும் அட்லாண்டிக்கில் இருக்கும். வால்பாட்டின் டிரம் விழுவது சரியாக இந்த நொடியில்தான்.

இந்நிலையைப் பற்றி உரையாசிரியர்கள் வேறுபடுவர். அழுகிறவனை அழவிடாமல் முதுகைத் தட்டி வெளியே அனுப்புவதே உறுத்தல், நூற்றாண்டுக் கணக்கு பார்ப்பவர் படம் பார்க்காதவர் என்பார் டார்ச் லைட் உரைகாரர். கண்ணீரே பாடபேதம், இடைவேளையில் வாங்கிய மிளகாய் பஜ்ஜியின் காரமே அது என்று மறுப்பார் கேன்டீன் உரைகாரர். பார்க்கிங் உரைகாரரின் உரை கிடைத்திலது. அப்படி ஒன்று இருந்ததென்பது, அதைக் கண்டித்துப் போஸ்டர் ஒட்டுபவர் எழுதிய நூலால் தெரிகிறது. அந்த நூலும் கிடைத்திலது. அதன்மேல் இன்னொரு போஸ்டர் ஒட்டப்பட்டுவிட்டது. ஆயினும் ஒட்டுபவர் மேற்கோள் காட்டிய முறையிலிருந்து, பார்க்கிங் உரைகாரர் சைக்கிள் ஸ்டாண்டு மரபினர் என்றும், ஸ்கூட்டர் வருகைக்கு முந்தியவர் என்றும் துணியலாம். இல்லை, பிந்தியவர் என்று ஒருவர் சொன்னதால் இரு தரப்பும் கருத்தரங்குகளில் ஒரே மேசையில் உட்காருவதில்லை. இருவருமே படம் முடியும்முன் வண்டி எடுக்கப் போய்விடுபவர்கள்.

இத்தனையும் நிறுவிய பிறகு 'ஆர்ஆர்ஆர்' வந்து காரியத்தைக் கெடுத்தது. 1920-இல் நடக்கும் கதை. சங்கிலி, சவுக்கடி, கவர்னர் கொலை எல்லாம் முடிந்த கையோடு நாயகர் இருவரும் ஆலியா பட்டும் ஆட, கடைசியில் இயக்குநர் ராஜமௌலியே வந்து ஆடிவிட்டுப் போகிறார். திணைப்படி அந்நேரம் அனைவரும் பாதி எழுந்த நிலையில் இருந்திருக்க வேண்டும். எழுந்த சிலரையும் பின்வரிசை "உக்காருங்க சார், மறைக்குது" என்று அமர்த்திவிட்டது. உரிப்பொருளே மாறியதால் இதைத் தனித்திணையாகக் கொள்வதா, திணை மயக்கமாகக் கொள்வதா என்ற வினா எழுகிறது. டார்ச் லைட் உரைகாரரைக் கேட்கப் போனோம். அவரும் பாட்டுதான் பார்த்துக்கொண்டிருந்தார்.