பொட்டிக்கு இன்னும் 2006-தான்

வாடா மருமவனே, வா. வண்டிய அங்கியே நிறுத்து, கிட்ட வராதே. போன தபா ரிவர்ஸ் எடுக்கறேன்னு என் திண்ணை முக்கைப் பேத்துட்டுப் போனியே, அதுக்குப் பூசின சிமெண்டு இன்னும் சரியா காயல. அதுக்கு முந்தின தபா இடிச்சதுக்குக் கொத்தனார் கூலி பாக்கி நிக்குது. நீ நாலு முறை மாமனைப் பாக்க வந்தா, மாமன் தெருவுலதான் உக்காரணும்.

சரி, குந்து. இன்னாவோ காருல வழி காட்டற பொட்டிய மாத்தப் போறியாமே? உங்கம்மா சொன்னா. நாலு கடையில கேட்டியாம், நாலு பேரும் நாலு விதமா சொன்னானாம், அதான் மாமனைக் கேக்க வந்தியாம். தறிக்குழியில அம்பது வருஷம் காலை விட்டுக்கினு உக்காந்தவனுக்குக் காரைப் பத்தி இன்னா தெரியும்னு கலசப்பாக்கம் டீக்கடையில சிரிப்பானுங்க. சிரிக்கட்டும். எந்த இழைய அறுக்கக் கூடாதுன்னு தறிக்காரனுக்குத் தெரியும். எவன் முழத்தை நீட்டி அளக்கறான்னும் தெரியும். காருக்கு அது போதும்.

நீ இந்த வண்டிய செகண்ட் ஹேண்டுல வாங்கியாந்த அன்னிக்கு இன்னா அலட்டல்! 2012 மாடல், கம்பெனியிலயே மேப் போட்டுக் குடுத்துக்கீறான், இந்தியா பூரா ஒரு கார்டுல அடக்கம்னு தெருவையே கூப்புட்டுக் காட்டினே. சரி, ஆரணிக்கு வழி கேளுடான்னேன். நெசவுக்காரன் ஆரணிய விட்டுட்டு வேற எதைக் கேப்பான்? நீ இங்கிலீசுல ஒவ்வொரு எழுத்தா குத்தினே. பொட்டி ரொம்ப நேரம் யோசிச்சுது. அப்பால திருவள்ளூர் மாவட்டத்துல, பெரியபாளையம் பக்கத்துல ஒரு ஆரணி கீது பாரு, அதைக் காட்டிச்சு. உன் மேல தப்பு இல்ல நைனா. நம்ம ஆரணிய வெள்ளைக்காரன் எழுதறப்போ நடுவுல ஒரு ஏ-வ முழுங்கிட்டான். நீ அந்த ஏ-வ மரியாதையா திருப்பிக் குடுத்தே. பொட்டிக்கு மரியாதை புரியல.

பொட்டியச் சொல்லி இன்னா ஆவப்போவுது? நம்ம சீமையில ஊரு பேரே அப்படித்தான். ரயில்ல வர்றவன் 'ஆரணி ரோடு'ன்னு போர்டைப் பாத்துட்டு மூட்டையோட குதிப்பான். குதிச்சா அது களம்பூரு. ஸ்டேஷன் பேருக்குப் பின்னால ரோடுன்னு போட்டிருந்தா, ரோடு மட்டுந்தான் இங்க, ஊரு அப்பாலன்னு அர்த்தம். அது ரயில்வேக்காரனுக்குத் தெரியும், பொண்ணு பாக்க வந்தவனுக்குத் தெரியாது. செய்யாறுன்னு கேட்டுப் பாரு. ஆறு நம்ம ஊரை ஒரசிக்கினு போவுது. பொட்டியோ திருவத்திபுரத்துக்குக் கூப்புடும். அந்த ஊருக்கும் ஆத்துப் பேரையே வச்சுட்டானுங்க. பர்வதமலை ஏறணும்னு பௌர்ணமிக்கு மெட்ராஸ்லருந்து வர்றவன் கடலாடின்னு தட்டினான்னு வையி, ராமநாதபுரம் மாவட்டத்துலயும் ஒரு கடலாடி உக்காந்துக்கினு கீது. ஆள் கொஞ்சம் ஏமாந்தா கடலைப் பாத்துட்டுத்தான் வருவான்.

பேரு கொழப்பம் எந்தப் பொட்டி வாங்கினாலும் தீராது. ஆனா உன் பொட்டிக்கு இன்னொரு சீக்கு கீது, அதான் பெரிசு. அது கண்ணை மூடின அன்னிக்கு ஒலகம் எப்படி இருந்துச்சோ அப்படியே நெனச்சுக்கினு கீது. தெலங்கானா 2014-ல பொறந்துச்சு, உன் பொட்டி ஐதராபாத்தை இன்னும் ஆந்திராவுலயே வச்சுக்கினு கீது. ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் 2019-ல தனி மாவட்டமா போச்சு, இதுக்கு எல்லாம் வேலூர்தான். வேலூர்–திருவண்ணாமலை ரோட்டை 234-ங்குது, இப்ப அது 38. இது கூடப் பரவால்ல. திண்டிவனத்துலருந்து திருவண்ணாமலை வழியா கிருஷ்ணகிரி போற ரோடு கீது பாரு, அதுக்கு நம்ம காலத்துல 66-ன்னு நம்பர். இப்ப அது 77. அந்த 66-ஐத் தூக்கி, பன்வேல்லருந்து கோவா, மங்களூர், கேரளா வழியா கன்னியாகுமரி போற மேற்குக் கடலோர ரோட்டுக்குக் குடுத்துட்டான். உன் பொட்டிய நம்பி 66-ன்னு போர்டைத் தேடிக்கினு போனேன்னு வையி, செங்கத்துல டீ குடிக்க வேண்டியவன் கோழிக்கோட்டுல அல்வா தின்னுவே.

இதெல்லாம் எப்படி மாமா தெரியும்னு வாயைப் பொளக்காதே. டீக்கடையில பேப்பரை நான் மொதல் பக்கத்துலருந்து கடைசி வரைக்கும் படிக்கிறவன். நீ ராசிபலன் மட்டும் பாத்துட்டு மடிக்கிறவன்.

அப்பறம் அந்தத் தேதி. போன வாரம் வண்டியில ஏறினேன். பொட்டியில வருஷம் 2006-ன்னு மின்னுது. வண்டியே 2012-ல பொறந்தது. ஆயி வயித்துல வர்றதுக்கு ஆறு வருஷம் முன்னாடியே ரோட்டுல ஓடுது, தெய்வக் கொழந்தைதான். பேட்டரி வீக்குன்னு மெக்கானிக் ஒருத்தன் சொன்னானாமே, புது பேட்டரிக்குக் காசும் வாங்கிட்டானாமே. பேட்டரியும் இல்ல, பேயும் இல்ல. வானத்துல சுத்தற ஜி.பி.எஸ். சாட்டிலைட் வருஷம் மாசம்னு சொல்லாது, இத்தினாவது வாரம்னு மட்டும் சொல்லும். அதைச் சொல்ல 10 பிட் இடந்தான் குடுத்துக்கீறான். சுழியிலருந்து 1023 வரைக்கும் எண்ணும், மறுபடியும் சுழி. ஆக 1024 வாரம், பத்தொம்போதரை வருஷத்துக்குக் கொஞ்சம் மேல. பாவு ஓட்டறவன் சுத்து எண்ணிக்கினே வந்து, நடுவுல கொட்டாவி வுட்டு மறுபடி ஒண்ணுலருந்து எண்ணின கதை. 1999 ஆகஸ்டுல ஒரு தபா திரும்பிச்சு, 2019 ஏப்ரல்ல இன்னொரு தபா. எத்தினியாவது சுத்துன்னு பொட்டிதான் ஞாபகம் வச்சுக்கணும். உன்னுது மறந்துடுச்சு. இதுக்கு நீ வெக்கப்பட வேணாம். 2022 பொங்கலுக்கு முன்னாடி அமெரிக்காவுல பழைய ஹோண்டா காருங்க ஏகப்பட்டது, கடிகாரத்துல 2002-ன்னு காட்டிச்சாம். தொரைங்க வண்டிக்கே அந்த கதி.

இப்ப விஷயத்துக்கு வரேன். மாத்து. தாராளமா மாத்து. மாமன் பழைய ஆளு, வேணாம்பான்னு நெனச்சே இல்ல? அட்டை அடிச்சு அடிச்சு வெரல் தேஞ்சவன்டா நானு. முந்தானையில மயில் போடணும்னா ஜக்கார்டுக்கு நூத்துக் கணக்குல அட்டை. ஒவ்வொண்ணுலயும் கணக்குப் பாத்து ஓட்டை, எல்லாத்தையும் கயித்துல கோத்து மேல ஏத்தணும். மொதலாளி வந்து, மயில் ஓடல, அன்னம் போடுன்னு ஒரு வார்த்தை சொல்லுவாரு. அவருக்கு ஒரு வார்த்தை, நமக்கு அத்தினி அட்டையும் கோவிந்தா. இப்ப எலக்ட்ரானிக் ஜக்கார்டு வந்துடுச்சு, பையன் பென் டிரைவைச் சொருவறான், மயில் அன்னமா ஆவுது. உன் காருல இருக்கற மேப் கார்டும் அந்த அட்டைதான்டா. ஒரு தபா அடிச்சா அடிச்சதுதான். புது கார்டு வாங்கலாம்னா, அதுக்கு அவன் சொல்ற வெலையில போனே வாங்கலாம், அதுவும் அந்த மாடலுக்குப் புது கார்டு போடறதை நிறுத்தாம இருந்தா.

அதனால வாங்கறப்போ இதை மட்டும் பாரு: மேப்பைத் தன் வயித்துலயே வச்சுக்கினு இருக்கற பொட்டி வேணாம். அது உன்னோட சேந்து கெழவனா ஆயிடும். போன்ல இருக்கறதைக் கண்ணாடி மாரி காட்டற பொட்டி வாங்கு. ஆப்பிள் கார்ப்ளேங்கறான், ஆண்ட்ராய்டு ஆட்டோங்கறான், ரெண்டும் 2014, 15-ல வந்தது. யோசிக்கிறது போன், காட்டறது பொட்டி. போனை ரெண்டு வருஷத்துக்கு ஒரு தபா எப்படியும் மாத்தப் போறே, உன் சம்பாத்தியம் அப்படி. மேப்பு தானா புதுசாயிக்கினே இருக்கும். பத்து இஞ்சுத் திரை, சினிமா கொட்டாய் மாரி இருக்கும் சார்னு கடைக்காரன் ஒண்ணு எடுத்து வைப்பான். அதுல மெமரி 2 ஜி.பி. தான் இருக்கும். மொத மாசம் மான் மாரி ஓடும், ஆறாவது மாசம் உங்க பெரியப்பன் மாரி கூப்புட்டு அஞ்சு நிமிஷம் கழிச்சு 'இன்னா?'ன்னு கேக்கும்.

கடைக்குப் போறதுக்கு முன்னாடி, டேஷ்போர்டுல பொட்டி உக்கார்ற ஓட்டைய அள. ஜெர்மன்காரன் காட்டின அளவு, டின்னுங்கறான். அகலம் 180 மில்லிமீட்டர், ஒசரம் ஒத்தைன்னா 50, ரெட்டைன்னா 100. உன் மாடலுக்குன்னு சுத்தி வைக்கிற ஃப்ரேம் தனியா வாங்கணும், இல்லேன்னா பல்லு போன வாயில அடுத்தவன் பல்செட்டை வச்ச மாரி இளிக்கும். இன்னொண்ணு, சில வண்டியில ஏ.சி. எத்தினின்னு காட்டறதும் அந்தப் பழைய திரையிலதான். அதைப் புடுங்கினா மேப்பு புதுசு, ஏ.சி. குருடு. உன் வண்டி அப்படியான்னு மொதல்ல பாரு. அப்படின்னா பேசாம எரநூறு ரூவா ஸ்டாண்டு ஒண்ணு வாங்கிப் போனைச் சொருவிக்கினு போ. யாருக்கும் தெரியாது, நானும் சொல்ல மாட்டேன். சாயங்காலம் வரைக்கும்.

இப்ப ஃபிட்டர். இங்கதான் நீ ஏமாறப் போறே. அவன் வாயில ஸ்க்ரூவைக் கடிச்சுக்கினு, அஞ்சு நிமிஷ வேலை சார்னு சொல்லி, கட்டிங் ப்ளேயரைக் கையில எடுப்பான். எடுத்தான்னா கையப் புடி. பழைய பாவு தீந்தா நாங்க இன்னா பண்றோம்? அச்சுலயும் விழுதுலயும் கோத்த இழையப் பூரா உருவிப் போட்டுட்டு மறுபடி மொதல்லருந்தா கோக்கறோம்? பழைய பாவு முனையோட புதுப் பாவை இழைக்கு இழை வச்சு முறுக்கி இழுக்கறோம். நாலாயிரம் இழை, ஒண்ணு மாறினாலும் பட்டு சொல்லிக் குடுத்துடும். பொண்டாட்டி புள்ளைங்க எல்லாம் சேந்து குந்தி முறுக்குவாங்க. உன் காருல இருக்கறது இருவது ஒயரு. அதுக்குக் கப்ளர்னு ஒண்ணு விக்கறான், கம்பெனி சொருவல் ஒரு பக்கம், புதுப் பொட்டி சொருவல் ஒரு பக்கம். ஸ்டீயரிங் பட்டனு வேலை செய்யணும்னா கேன் பாக்ஸுனு இன்னொரு டப்பா. அறுக்கவே வேணாம். அறுத்து இன்சுலேஷன் டேப்பு சுத்தறவன் ஃபிட்டர் இல்ல, அவன் ஆட்டுக்கறி கடைக்குப் போவ வேண்டியவன் வழி தப்பி வந்துட்டான்.

வழின்னதும் ஞாபகம் வருது. இந்த மேப்பு வேலைய நம்ம நாட்டுல பெரிசா செஞ்சவன் லாம்டன்னு ஒரு தொரை. 1802-ல பரங்கிமலைப் பக்கம் சங்கிலி போட்டு அளக்க ஆரம்பிச்சான். கோணம் பாக்கற கருவி ஒண்ணு வச்சிருந்தான், அரை டன் கனம். 1808-ல தஞ்சாவூர் பெரிய கோயில் உச்சிக்கு அதைக் கயித்துல ஏத்தறப்போ அடி வாங்கி நசுங்கிப் போச்சு. அந்த ஆளு கூடாரத்துக்குள்ள பூந்துக்கினு ஆறு வாரம் தட்டித் தட்டித் தானே சரி பண்ணினான். உன் ஃபிட்டர் ஆறு நிமிஷத்துல டேஷ்போர்டு க்ளிப்பு மூணை ஒடைச்சுட்டு, இந்த மாடல்ல அப்படித்தான் சார் வரும்பான்.

ஜி.பி.எஸ். ஆன்டெனா கொட்டைப்பாக்கு சைசுல ஒரு டப்பா வரும். அதைத் தகரத்துக்கு அடியில திணிக்க வுடாதே, கண்ணாடிக்குக் கிட்ட, வானம் பாத்த மாரி வைக்கச் சொல்லு. அப்பறம் ஜவ்வாது மலைக்கு, ஜமுனாமரத்தூர் பக்கம் போறதா இருந்தா, இங்கியே மேப்பைப் போன்ல எறக்கி வச்சுக்கோ. மலையில பல எடத்துல டவர் கெடைக்காது. கேக்கறதுக்கு ஆளும் கெடைக்க மாட்டான், கெடைச்சாலும் உன் பேண்ட்டைப் பாத்தா பாரஸ்ட் ஆபீசர்னு ஓடிடுவான். ஓட்டறப்போ போனைக் கையில வச்சுக்கினு நோண்டாதே. 2020 அக்டோபர் ஒண்ணாந்தேதிலருந்து வழி பாக்கறதுக்கு மட்டும், அதுவும் கவனம் செதறாமன்னு சட்டத்துல எழுதி வச்சுக்கீறான். நீ ஓட்டிக்கினே அதுல வடிவேலு காமெடி பாக்கப் போறேன்னு எனக்குத் தெரியும், போலீசுக்கும் தெரியும்.

அப்பறம் கணக்கு ஒண்ணு. உன் ஆர்.சி. அடுத்த வருஷம் பதினஞ்சு முடியுது. புதுப்பிக்க 2022-லருந்து அஞ்சாயிரம் ஆக்கிட்டான், எஃப்.சி. வேற காட்டணும். அந்தக் காசை எடுத்து வச்சுட்டு, மிச்சத்துல பொட்டி வாங்கு.

எல்லாத்தையும் வுட்டாலும் ரிவர்ஸ் கேமராவை வுட்டுடாதேடா. பொட்டியோட சேத்து மாட்டச் சொல்லு. மேப்பு இல்லேன்னா ஆரணிக்கு நான் வழி சொல்லுவேன், போளூர்ல எறங்கி நாலு பேரைக் கேட்டா அவங்க சொல்லுவாங்க. என் திண்ணைக்கு யாரு வந்து சொல்லுவா?

பழைய பொட்டிய ஃபிட்டர்கிட்ட வுட்டுட்டு வந்துடாதே. ஐநூறு தரேன், மெட்ராஸ் புதுப்பேட்டைப் பழைய சாமான் கடைக்குத்தான் போவும்னு இளிப்பான். வேணாம், இங்க கொண்டா. பேட்டரிக்கு ஒயரு குடுத்துத் திண்ணையில மாட்டி வைக்கறேன். பாட்டுக்கா? பாட்டு யாருக்குடா வேணும். மூணாவது தெரு சீட்டுக்காரன்கிட்ட 2019-ல கைமாத்து ஒண்ணு வாங்கினேன். வாராவாரம் சைக்கிளை நிறுத்திக்கினு தேதி சொல்லிக் கேக்கறான். வரட்டும், பொட்டியக் காட்டறேன். இன்னும் பதிமூணு வருஷம் கழிச்சு வாங்கப் போற கடனுக்கு இப்பவே வட்டி கேக்கறியேப்பான்னு.