ஊரார் வயிற்றை வைத்துப் பிழைப்பது எப்படி?

பக்கத்து வீட்டுக்காரர் ஏப்பம் விட்டால் போதும், உங்களுக்கு உடனே ஒரு மருந்து நினைவுக்கு வந்துவிடுகிறது. சொல்லியும் விடுகிறீர்கள். அதில் தவறில்லை. காசு வாங்காமல் சொல்கிறீர்களே, அதுதான் தவறு. தாமஸ் பீச்சம் என்ற இங்கிலாந்துக்காரரிடம் பாடம் கேளுங்கள்.

1. படிக்காதீர்கள். பீச்சம் சிறுவயதில் ஆடு மேய்த்தவர். பிறகு விகன் ஊர்ச் சந்தையில் மாத்திரை விற்றார். 1859-ல் செயின்ட் ஹெலன்ஸில் கடை விரித்தார். ஆட்டுக்குக் கேட்டது ஆளுக்குக் கேட்காதா?

2. சரக்கு வாங்குங்கள். நாட்டு மருந்துக் கடையில் கரியபோளமும் சுக்கும் கிடைக்கும். சோப்பு வீட்டிலேயே இருக்கும். போளம் பேதிக்கு, அது கிளப்பும் வயிற்று முறுக்கலை அடக்கச் சுக்கு, உருட்டப் பிடிமானத்துக்குச் சோப்பு. சேர்மானம் அவ்வளவுதான். மருந்து வேலையை இத்தோடு மறந்துவிடுங்கள்; இனி எல்லாம் வியாபாரம்.

3. காப்புரிமை கேட்டு மனுப் போடாதீர்கள். போட்டால் சேர்மானத்தை எழுதிக் கொடுக்க வேண்டியிருக்கும். சுக்கு என்று தெரிந்துவிட்டால் கிழவிகூட வாங்கமாட்டாள். ரகசியம் என்று மட்டும் சொல்லுங்கள்.

4. நோய்ப் பட்டியல் போடுங்கள். அஜீரணத்தில் தொடங்கி மலச்சிக்கல், தலைவலி, தலைசுற்றல், மூச்சிரைப்பு, தோல் படை என்று இறங்கி, பயங்கரக் கனவில் முடியுங்கள். கேலி இல்லை, பீச்சம் விளம்பரத்தில் கெட்ட கனவுக்கும் மருந்து உண்டு. முதல் வேளையிலேயே, இருபது நிமிடத்தில் குணம் தெரியும் என்றும் போட்டார்கள். வாயில் போட்ட போளம் வேலையைத் தொடங்கவே ஆறு மணி நேரத்துக்கு மேல் ஆகும். இருபதாவது நிமிடத்தில் வேலை செய்வது விளம்பரம்.

5. விலையைப் பெட்டியின் மேல் சொல்லாதீர்கள், பெறுமானத்தைச் சொல்லுங்கள். பெட்டி ஒரு கினி பெறும் என்றார் பீச்சம். கினி என்றால் 21 ஷில்லிங். வாங்கியதோ ஒரு ஷில்லிங் ஒன்றரைப் பென்ஸ். ஏறத்தாழ இருபது ஷில்லிங் லாபம் என்று நோயாளி துள்ளிக் குதித்தே பாதி குணமாகிவிடுவான்.

6. விலையில் ஒட்டிக்கொண்டிருக்கும் அந்த ஒன்றரைப் பென்ஸ் வரி; அதை முணுமுணுக்காமல் கட்டுங்கள். 1783 முதல் 1941 வரை இத்தகைய மருந்துகளுக்கு இங்கிலாந்தில் முத்திரை வரி இருந்தது. வரி கட்டியதற்கான சீட்டு பெட்டிமேல் ஒட்டப்பட்டது. ஜனங்கள் அதை அரசாங்கமே தந்த நற்சான்று என்று நினைத்தார்கள். நினைக்கட்டும், திருத்தாதீர்கள்.

7. மகனைத் தொழிலில் இறக்குங்கள். ஜோசப் பீச்சம், 1890 வாக்கில் விளம்பரத்துக்கு மட்டும் ஆண்டுக்கு ஏறத்தாழ ஒரு லட்சம் பவுண்டு கொட்டினார். மாத்திரை மலிவாக இருந்தால்தான் இப்படிக் கொட்ட முடியும்.

8. குட்டு வெளிப்பட்டால் கலங்காதீர்கள். 1909-ல் பிரிட்டிஷ் மருத்துவச் சங்கம் ரகசிய மருந்துகளைச் சோதித்து ஒரு புத்தகமே போட்டது. பீச்சம் பெட்டியில் 56 மாத்திரை. உள்ளே போன சரக்கின் மதிப்பு அரை ஃபார்தின், அதாவது ஒரு பென்னியில் எட்டில் ஒரு பங்கு. விலை அதைப்போல 108 மடங்கு. அந்தப் புத்தகத்துக்கு விளம்பரம் போடப் பல பத்திரிகைகள் மறுத்துவிட்டன. சோறு போடுகிறவனை யார் பகைப்பார்கள்? ஆகவே ஏழாவது படியை ஒழுங்காகச் செய்தவர்களுக்கு எட்டாவதில் தூக்கம் கெடாது.

9. பேரனுக்குச் சங்கீதம் சொல்லிக் கொடுங்கள். பேதி மாத்திரைப் பணத்தில் தாத்தாவின் பெயர் கொண்ட பேரன் 1910-ல் லண்டன் கோவென்ட் கார்டனில் ஆபெரா நடத்தினார். பின்னாளில் இரண்டு பெரிய இசைக்குழுக்களை நிறுவி, உலகமறிந்த இசை நடத்துநரும் ஆனார். உள்ளபடியே மேதை, அதில் மாத்திரைக்குப் பங்கில்லை, வாடகையில் உண்டு.

10. பாராளுமன்றம் விசாரணைக் குழு போட்டால், அறிக்கை எந்தத் தேதியில் வருகிறது என்று பாருங்கள். ரகசிய மருந்துகளைப் பற்றிய அறிக்கை 1914 ஆகஸ்ட் 4 அன்று வெளிவந்தது. அன்றுதான் பிரிட்டன் ஜெர்மனிமீது போர் அறிவித்தது. அறிக்கையைத் தூக்கிப் பரணில் போட்டார்கள். ஜோசப்புக்கு அதே ஆண்டு பாரனெட் பட்டம் கிடைத்தது. மாத்திரை 1998 வரை விற்றது.