உதயம்பேரூர் கண்ட உபகாரி

கோவா பேராயர் அலெக்ஸோ தெ மெனசிஸ் அவர்களே, தங்கள் பெருங்கருணையை எப்படிப் போற்றுவது! மெசொப்பொத்தேமியாவிலிருந்து வந்த ஆயர் மார் ஆபிரகாம் 1597இல் மறைந்ததும், மலையாள நாட்டுத் தோமா கிறிஸ்தவர்கள் மேய்ப்பனின்றித் தவிப்பார்களே என்று ஓடோடி வந்தீர்கள். கொட்டும் மழைக்காலத்தில், 1599 ஜூனில், கொச்சி அருகே உதயம்பேரூரில் மன்றம் கூட்டி அவர்களுக்குக் கிறிஸ்தவம் கற்றுக்கொடுத்தீர்கள். போர்ச்சுகல் என்றொரு அரசு தோன்றுவதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே அங்கே ஜெபம் நடந்துகொண்டிருந்தது. அதனால் என்ன? மாணவருக்கு வயது கூடியிருக்கலாம். ஆசிரியருக்குப் பின்னால் பீரங்கி இருந்ததே.

குடும்பம் நடத்திய குருக்களை மனைவியரிடமிருந்து விடுவித்தீர்கள். கிழக்குத் திருச்சபையோடு இருந்த பழைய உறவை அறுத்து, இயேசு சபையைச் சேர்ந்த ஐரோப்பியரான பிரான்சிஸ் ரோஸை ஆயராக்கித் தந்தீர்கள்.

தங்கள் நுண்ணறிவுக்கு உச்சம் நூல் விஷயத்தில்தான். அவர்களுடைய நூல்கள் சுரியானி மொழியில் இருந்தன. இயேசு பேசிய அரமேயத்தின் கிளைமொழி அது. ஆண்டவரின் பேச்சுக்கு அத்தனை நெருங்கி நின்றால் பிழை வராமல் இருக்குமா? சில நூல்களைத் திருத்தினீர்கள், சிலவற்றை நெருப்பிடம் கொடுத்தீர்கள். நெருப்பைப்போல ஒரே மூச்சில் படித்து முடிக்கும் வாசகர் வேறு யார்? அந்தச் சபையின் பழைய வரலாற்றைத் தேடும் அறிஞர்களுக்கு இன்றுவரை படிக்கும் சிரமத்தைக் குறைத்திருக்கிறீர்கள்.

தாங்கள் இன்னும் பல நூற்றாண்டுகள் முந்திப் பிறந்திருக்கக் கூடாதா! சீடர்களுக்கு முதன்முதலாகக் கிறிஸ்தவர் என்று பெயரிட்ட அந்தியோக்கியாவை, துறவுக்கு வழிகாட்டிய எகிப்து அந்தோணியாரை, நான்காம் நூற்றாண்டிலேயே சிலுவையை ஏற்ற அக்சும் மன்னர் எசானாவை, 635இல் சீனத் தலைநகருக்கு மறைநூல்களைச் சுமந்து சென்ற அலோபெனை எல்லாம் நேர்வழிக்குத் திருப்பியிருப்பீர்கள். அகுஸ்தீனார் சபைத் துறவியான தாங்கள், இன்றைய அல்ஜீரியாவில் பிறந்த அந்த ஆப்பிரிக்க அகுஸ்தீனையும் விட்டிருக்க மாட்டீர்கள்.

சபையை ஒன்றாக்கவே இத்தனையும் செய்தீர்கள். பலனும் கிடைத்தது. 1653இல் மட்டாஞ்சேரியில் அதே மக்கள் சிலுவை முன்னே கூடி, இனி இயேசு சபையாருக்குக் கீழ்ப்படிய மாட்டோம் என்று சத்தியம் செய்தார்கள். தாங்கள் வரும்வரை ஒன்றாக இருந்த அந்தச் சபை இன்று பல சபைகளாகப் பிரிந்து நிற்கிறது.