இரு கோடுகளுக்கு இடையே: மோட்டார் சைக்கிள் எஞ்சின் எண்ணெயின் மட்டம் குறித்த ஓர் ஆராய்ச்சி

மோட்டார் சைக்கிளுக்கு ஆயில் மாற்றும்போது புதிய எண்ணெய் எந்த உயரம் வரை நிற்க வேண்டும் என்னும் வினா, அதை எழுப்புவோர் பெரும்பாலும் தரையில் குத்துக்காலிட்டு அமர்ந்திருப்பதாலும் அவர்தம் விரல்கள் கறுத்திருப்பதாலும், அறிஞர் அவைகளில் இதுகாறும் உரிய இடம் பெறாமற் போயிற்று. விடை மிக எளிது என்ற எண்ணமும் இப்புறக்கணிப்புக்கு ஒரு காரணமாகலாம். அளவுக்குச்சியில் மேலும் கீழுமாக இரு கோடுகள் உள்ளன, எண்ணெய் அவற்றுக்கு இடையில் நிற்க வேண்டும், இதில் ஆராய என்ன இருக்கிறது என்று கேட்போர் உளர். அவ்வாறு கேட்போர் தம் கையால் ஒருமுறையேனும் ஆயில் மாற்றியவர் அல்லர் என்பது இக்கட்டுரையின் துணிபு. மட்டம் என்பது எண்ணெயின் பண்பன்று; வண்டி நிற்கும் நிலை, எஞ்சினின் சூடு, காத்திருந்த நேரம், குச்சியைப் பிடித்த கை ஆகிய நான்கும் கூடி வழங்கும் தீர்ப்பே அது.

எஞ்சினின் அடியில் எண்ணெய் தங்கும் பள்ளத்தை மெக்கானிக்குகள் 'சம்ப்' என்பர். லாரித் தண்ணீர் இறங்கும் வீட்டுச் சம்போடு இதற்கு உறவில்லை. காரில் எஞ்சினுக்கு ஓர் எண்ணெயும் கியர்பெட்டிக்கு வேறோர் எண்ணெயும் உண்டு. இந்தியச் சாலைகளில் ஓடும் பெரும்பான்மையான மோட்டார் சைக்கிள்களிலோ பிஸ்டன், கிராங்க், கியர், கிளட்ச் என அத்தனைக்கும் ஒரே எண்ணெய்தான். கிளட்ச் தட்டுகளும் அதே எண்ணெயில் ஊறிக்கொண்டே ஒன்றையொன்று பற்ற வேண்டியிருப்பதால், வழுக்க வேண்டிய இடத்தில் வழுக்கியும் பற்ற வேண்டிய இடத்தில் வழுக்காமலும் இருக்கும் முரண்பட்ட குணம் இந்த எண்ணெயிடம் எதிர்பார்க்கப்படுகிறது. டப்பாவின் மேல் காணப்படும் 'ஜாசோ எம்ஏ', 'எம்ஏ2' என்னும் ஜப்பானியத் தரக்குறிகள் அதற்கான சான்றுகளே. அதனருகே அச்சாகியுள்ள 10டபிள்யூ-30 என்பதில் 'டபிள்யூ' என்ற எழுத்து குளிர்காலத்தைக் குறிக்கும். சென்னையில் அவ்வெழுத்து ஆண்டு முழுவதும் விடுப்பில் உள்ளது எனலாம்.

எண்ணெய் அளவு பற்றிய கவலை தமிழ்நாட்டுக்குப் புதிதன்று. ஒரு நந்தா விளக்கு அணையாமல் எரிய நாளொன்றுக்கு ஓர் உழக்கு நெய் தேவை என்றும், அந்த நெய்க்காக 96 ஆடுகள் விடப்பட்டன என்றும், அந்த ஆடுகள் சாவதும் மூப்பதும் இல்லாதவையாக, அதாவது எண்ணிக்கை குறையாமல் ஈடுசெய்யப்படுபவையாக, இருக்க வேண்டும் என்றும் சோழர் காலக் கல்வெட்டுகள் கூறுகின்றன. தஞ்சைப் பெரிய கோயிலில் அளக்கும் மரக்காலுக்கே 'ஆடவல்லான்' என்று இறைவன் பெயரை இட்டிருந்தனர். இங்கு உற்றுநோக்கத்தக்கது, சோழ அதிகாரிகள் கொள்ளளவை மட்டும் கல்லில் வெட்டினார்களே தவிர, விளக்கின் அகலில் நெய் எந்த உயரம் வரை நிற்க வேண்டும் என்று கோடு போடவில்லை என்பதாகும். மோட்டார் சைக்கிள் உற்பத்தியாளரோ இரண்டையும் செய்தனர். கையேட்டில் மில்லிலிட்டர் கணக்கைத் தந்தனர். குச்சியில் உயரக் கோட்டையும் பொறித்தனர். ஒரே பொருளுக்கு இரண்டு சாட்சிகளை நியமித்தால் வழக்கு நீளும் என்பதை அவர்கள் எண்ணிப் பார்த்ததாகத் தெரியவில்லை.

முதற் சாட்சியாகிய மில்லிலிட்டரை எடுத்துக்கொண்டால், கையேடுகள் பொதுவாக இரண்டு எண்களைத் தருகின்றன. எஞ்சினை முழுவதும் பிரித்துக் கோத்தபின் ஊற்ற வேண்டிய அளவு ஒன்று; வெறுமனே ஆயில் மாற்றும்போது ஊற்ற வேண்டிய, முன்னதைவிடச் சற்றுக் குறைவான அளவு மற்றொன்று. அடிநட்டைக் கழற்றி எவ்வளவு நேரம் வடியவிட்டாலும், கியர்களின் பல்லிடுக்கிலும் குழாய்த் துளைகளிலும் சுவர்களிலும் ஒட்டிய பழைய எண்ணெய் கொஞ்சம் உள்ளேயே தங்கிவிடுவதால் இந்த வேறுபாடு எழுகிறது. இதையொட்டி வேலைக்கடைகளில் தோன்றிய கோட்பாட்டை 'முழு டப்பாக் கொள்கை' எனலாம். கடைகளில் 900 மி.லி., 1 லிட்டர், 1.2 லிட்டர் என வெவ்வேறு டப்பாக்கள் கிடைக்கின்றன. வண்டிக்கு உரிய டப்பாவை வாங்கி, கவிழ்த்து, கடைசிச் சொட்டு வரை பிழிந்துவிட்டால் கடமை முடிந்தது என்பது இக்கொள்கையின் சாரம். குச்சியைப் பார்ப்பது இவர்கள் நோக்கில் நம்பிக்கையின்மையின் அறிகுறி. "டப்பாவே அளவுதாங்க" என்ற ஒற்றை வாக்கியத்தில் இத்தரப்பின் வாதம் முழுவதும் அடங்கும்.

இக்கொள்கை முற்றிலும் தவறன்று. ஆனால் எஞ்சின் சூடாக இருந்தபோது வடித்தார்களா, ஆறிய பின்பா, வண்டி நேராக நின்றதா, சாய்ந்து நின்றதா, ஃபில்டரை மாற்றினார்களா என்பவற்றைப் பொறுத்து உள்ளே தங்கும் பழைய எண்ணெயின் அளவு மாறும். டப்பாவுக்கு இது தெரியாது.

இனி இரண்டாம் சாட்சியாகிய குச்சிக்கு வரலாம். ஸ்பிளெண்டர் முதலான வண்டிகளில் எண்ணெய் ஊற்றும் மூடியின் அடியிலேயே குச்சி ஒட்டியிருக்கும். மூடி மரையுள்ளதாதலால் திருகிக் கழற்ற வேண்டும். கழற்றித் துடைத்து மீண்டும் உள்ளே விடும்போது மூடியை முழுக்கத் திருக வேண்டுமா, மரையின் வாயில் சும்மா உட்கார வைத்தால் போதுமா என்பதே இத்துறையின் ஆகப் பெரிய பூசல். இதில் திருகுகலை, திருகாக்கலை என இரு பிரிவுகள் உள்ளன. வைணவத்தில் தாயைத் தானே பற்றிக்கொள்ளும் குரங்குக்குட்டியை ஒரு கலையும், தாய் கவ்விச் செல்லும் பூனைக்குட்டியை மறு கலையும் உவமை காட்டுவது போல, இங்கும் மூடி மரையைப் பற்ற வேண்டும் என்பார் ஒரு சாரார். மரையே மூடியைத் தாங்கும் என்பார் மறு சாரார். நல்வாய்ப்பாக, இவ்வழக்கு இன்னும் உயர்நீதிமன்றம் செல்லவில்லை.

உண்மையில் தீர்ப்பு வண்டிக்கு வண்டி மாறுபடும். ஹோண்டா மரபில் வந்த எஞ்சின்களின் கையேடுகள் திருகாமல் வைத்துப் பார்க்கச் சொல்கின்றன. பியாஜியோவின் வெஸ்பாவுக்கோ முழுக்கத் திருகிப் பார்க்க வேண்டும். பூசலின் விளைவு நடைமுறையில் சிறிதன்று. திருகினால் குச்சி மரையின் நீளத்துக்குக் கூடுதலாக எண்ணெய்க்குள் இறங்கும், நனைவு மேலேறும், எண்ணெய் நிறைய இருப்பது போலத் தோன்றும். ஆகவே திருகக் கூடாத வண்டியில் திருகிப் பார்ப்பவர் குறைவாக ஊற்றுவார். திருக வேண்டிய வண்டியில் திருகாதவர் கூடுதலாக ஊற்றுவார். இருவரும் குச்சி சொன்னபடியே செய்ததாகச் சத்தியம் செய்வார்கள், இருவரும் பொய் சொல்லவுமில்லை.

வண்டி நிற்கும் நிலை இதனினும் நுட்பமானது. சைடு ஸ்டாண்டில் நிற்கும் வண்டி இடப்பக்கம் சாயும். உள்ளிருக்கும் எண்ணெயும் இடப்பக்கம் ஒதுங்கும். ஸ்பிளெண்டர் வகை எஞ்சின்களில் குச்சி இருப்பது வலப்பக்கம். எனவே சாய்ந்த வண்டியில் குச்சி வறண்டு வெளிவரும். உரிமையாளர் பதறிப்போய் இன்னும் ஊற்றுவார். சென்டர் ஸ்டாண்டை மிதித்து, சமதரையில் நிமிர்த்திப் பார்க்க வேண்டும் என்று கையேடுகள் வற்புறுத்துவது இதனால்தான். ஆனால் சமதரை எங்கே கிடைக்கும் என்பதை அவை சொல்வதில்லை. மழைநீர் வடிவதற்காகவே சரித்துப் போடப்பட்ட வீட்டு முன்றிலிலும், ரோடு உயர உயரத் தாழ்ந்துபோன வாசலிலும் நிற்கும் வண்டியின் நிமிர்வு ஒப்பளவில் மட்டுமே நிமிர்வு.

இவ்விடத்தில் ஒரு தேற்றத்தை முன்வைக்கலாம். சைடு ஸ்டாண்டில் சாய்த்துப் பார்ப்பது மட்டத்தைக் குறைத்துக் காட்டும். திருகக் கூடாத குச்சியைத் திருகிப் பார்ப்பது மட்டத்தைக் கூட்டிக் காட்டும். ஆகவே இவ்விரு தவறுகளையும் ஒருங்கே செய்பவர் ஏறத்தாழச் சரியான மட்டத்தை அடையக்கூடும். முப்பது ஆண்டுகள் இப்படியே செய்துவரும் மெக்கானிக்கின் வண்டிகள் நன்றாக ஓடுவதும், அவரிடம் பாதி முறையை மட்டும் திருத்திக்கொண்ட சீடனின் வண்டிகள் புகைவதும் இத்தேற்றத்தால் விளங்கும். அரைகுறைத் திருத்தம் ஆபத்தானது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று பொறியியலில் அரிது.

காலமும் ஒரு தரப்பே. எஞ்சினைச் சில நிமிடங்கள் ஓடவிட்டு, நிறுத்தி, இரண்டு மூன்று நிமிடம் கழித்துப் பார்ப்பது முறை. ஓடும்போது மேலேறிய எண்ணெய் ஹெட்டிலிருந்து கீழே இறங்க அந்த அவகாசம் வேண்டும். உடனே பார்த்தால் மட்டம் குறைந்து தெரியும். மேலும், எண்ணெய் சூட்டில் விரியும் பொருள். ஒரு லிட்டர் எண்ணெய் 30 டிகிரி செல்சியஸிலிருந்து 90 டிகிரிக்குச் செல்லும்போது ஏறத்தாழ 40 மி.லி. கூடும். அதிகாலையில் பார்ப்பவரும் அலுவலகத்திலிருந்து வந்து பார்ப்பவரும் ஒரே வண்டியைக் குறித்துச் சண்டையிடுவதற்கு இவ்வளவு போதும். வேலைக்கடைகளில் காத்திருப்புக்கு நிமிடக் கணக்குக் கிடையாது; அங்கு வழங்கும் அலகு 'ஒரு டீ'. பையன் கடைக்குப் போய், கண்ணாடி டம்ளரில் வாங்கி வந்து, குடித்து முடிக்கும் வரையிலான இக்காலம் கையேட்டின் கோரிக்கையைத் தாராளமாகவே நிறைவேற்றுகிறது.

இத்தனையும் சரியாகச் செய்த பின்னும் ஓர் இடர் எஞ்சுகிறது. புது எண்ணெய் கண்ணுக்குத் தெரியாது. பழைய எண்ணெய் கறுத்துக் குச்சியில் தெளிவான கரையைக் காட்டும். வெளிறிய தேன் நிறமுடைய புது எண்ணெயோ பளபளக்கும் குச்சியில் ஈரமா வெளிச்சமா என்று பிரித்தறிய முடியாதபடி படிந்திருக்கும். மேலும், குச்சியைச் சரித்துப் பிடித்தால் எண்ணெய் மேல்நோக்கி வழிந்து பொய்க்கோட்டை உண்டாக்கும். தேர்ந்த கைகள் குச்சியை நுனி கீழாகவே பிடித்து, திருப்பூரிலிருந்து மூட்டையாக வரும் பனியன் வேஸ்ட் துணியில் மெல்ல ஒற்றுகின்றன. துணியில் விழும் ஈரத்தடத்தின் நீளத்தைக் கட்டைவிரல் நகத்தால் குறித்து, அதைக் குச்சியோடு வைத்து ஒப்பிடுகின்றன. இதற்கான கருவி எந்த நிறுவனத்தின் பட்டியலிலும் இல்லை.

பிழையின் விளைவுகளைச் சுருக்கமாகக் கூறலாம். எண்ணெய் குறைந்தால் பம்பு காற்றை உறிஞ்சும். தொலைவில் இருப்பதால் ஹெட்டிலுள்ள கேமும் ராக்கரும் முதலில் தேயும். முடிவில் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். மிகுந்தால் சுழலும் கிராங்க் எண்ணெயைக் கடைந்து நுரையாக்கும், நுரை பாரம் தாங்காது, உள்ளழுத்தம் மூச்சுக்குழாய் வழியே எண்ணெயை ஏர் ஃபில்டர் பெட்டிக்குத் தள்ளும், சீல்கள் கசியும், சைலன்சர் நீலப்புகை விடும். குறைவின் தண்டனை கொடியது, மிகுதியின் தண்டனை அசிங்கமானது. இரண்டையும் சீர்தூக்கும்போது, மேல்கோட்டைத் தொடாமல் அதற்குச் சற்றே கீழே நிறுத்துவது ஏற்புடையது; அடுத்த ஆயில் மாற்றத்துக்குள் எஞ்சின் கொஞ்சம் குடித்துவிடும் என்பதையும் அது கணக்கில் கொள்கிறது.

இவ்விதிகள் யாவற்றுக்கும் விலக்காகத் திருவொற்றியூரில் பிறந்த பழைய இரும்பு எஞ்சின் புல்லட் நிற்கிறது. அதில் எஞ்சின், கியர்பெட்டி, முதன்மைச் சங்கிலி உறை ஆகிய மூன்றுக்கும் தனித்தனி எண்ணெய். சங்கிலி உறையில் குச்சியே கிடையாது. பக்கவாட்டுத் திருகைக் கழற்றினால் எண்ணெய் மெதுவாகச் சொட்ட வேண்டும், அவ்வளவே. மட்டம் காணும் முறைகளுள் இதுவே மிக நேர்மையானது, ஏனெனில் மிகுந்தது தானே வழிந்து போய்விடுகிறது. எஞ்சின் எண்ணெயோ கிராங்க் உறையோடு சேர்ந்தே வார்க்கப்பட்ட ஒரு தொட்டியில் இருக்கும். வண்டி பல நாள் ஓடாமல் நின்றால் அது தொட்டியிலிருந்து கசிந்து கிராங்க் அறைக்குள் இறங்கிவிடும். குச்சி வெறுமையைக் காட்டும். இதை அறியாதவர் புதிதாக ஊற்றிவிட்டு உதைத்துக் கிளப்பினால், ஒளிந்திருந்த எண்ணெய் தொட்டிக்குத் திரும்பி, மிகுதியாகி, மூச்சுக்குழாய் வழியே வெளியேறும். "புல்லட்னா ஆயில் ஒழுகத்தான் செய்யும்" என்ற ஊரறிந்த கூற்றுக்கு இப்படி ஊற்றியவர்களின் பங்களிப்பு கணிசமானது.

பின்னாளில் பல வண்டிகளுக்கு வந்த கண்ணாடிச் சாளரம் குச்சிப் பூசலை ஒழித்தது. ஆனால் சென்டர் ஸ்டாண்டும் கூடவே ஒழிந்த வண்டிகளில், ஒருவர் நிமிர்த்திப் பிடிக்க மற்றொருவர் தரையில் கன்னம் படியக் குனிந்து பார்க்க வேண்டியுள்ளது. தனியாக வாழ்வோரின் நிலையை வடிவமைத்தவர் கருதவில்லை.

மட்டம் சரியாக நின்றபின் டப்பாவில் எஞ்சும் சிறிதளவு எண்ணெய் யாருக்குரியது என்பது தனி ஆய்வுக்குரியது; உரிமையாளர் அதைக் கேட் கீலுக்கும் ஷட்டருக்கும் என்று வீட்டுக்கு எடுத்துச் செல்வதும், மெக்கானிக் அது ஏற்கெனவே அடுத்த வண்டிக்குள் போய்விட்டது என்பதும் வழக்கம். வடித்தெடுத்த கறுப்பு எண்ணெயைப் பொறுத்தவரை, 2016-ஆம் ஆண்டின் அபாயகரக் கழிவு விதிகள் அதை அங்கீகாரம் பெற்ற மறுசுழற்சியாளரிடம் சேர்ப்பிக்கக் கோருகின்றன. அதில் ஒரு பகுதி கேன்களில் ஏறிக் கட்டட வேலை நடக்கும் இடங்களுக்குச் சென்று, கான்கிரீட் ஒட்டாதிருக்கச் சென்ட்ரிங் பலகைகளில் பூசப்படுகிறது. அங்கு வேலை செய்பவர் கந்தல் துணியை அதில் தோய்த்து, பலகையின் இந்த முனையிலிருந்து அந்த முனை வரை ஒரே இழுப்பாக இழுத்துவிட்டு, எவ்வளவு பூசினோம் என்று திரும்பியும் பாராமல் அடுத்த பலகைக்குப் போகிறார்.