மறந்தால் மாலை, நினைத்தால் மயக்க ஊசி

2023 மார்ச் 7 அன்று ஆனைமலை கோழிகமுத்தி முகாமில் ஓர் அரசு ஊழியர் ஓய்வு பெற்றார். பெயர் கலீம். வயது அறுபது. வனத்துறையினர் வரிசையாக நின்று அணிவகுப்பு மரியாதை செலுத்தினார்கள். கலீம் தும்பிக்கையைத் தூக்கி வணக்கம் வைத்தது. துறையின் உயரதிகாரி, கண்கள் நனைந்ததாகச் சமூக வலைத்தளத்தில் எழுதினார். 99 ஆபரேஷன்களில் பங்கேற்ற கும்கி என்று நாடே கொண்டாடியது. சதத்துக்கு ஒன்றுதான் பாக்கி.

அந்த நூறாவது ஆபரேஷனை நான் சொல்கிறேன். நீலகிரியின் சீகூர் யானை வழித்தடத்தை அறிவித்த அரசாணை செல்லும் என்று 2020 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வழித்தடத்தில் எழுந்த ரிசார்ட்டுகளைப் பற்றிய வழக்கு அது. கலீமை அங்கே கூட்டிப் போய் ஒரு ரிசார்ட்டின் வரவேற்பறை வாசலில் நிறுத்தி, "விரட்டு" என்று சொல்லியிருக்கலாம். சொல்ல மாட்டார்கள். கும்கியை ஏவுவது யானை மேல் மட்டும்தான். முதலாளி மேல் ஏவப் பயிற்சி கிடையாது.

கலீம் இந்த வேலைக்கு விண்ணப்பித்ததாக ஆவணம் எதுவும் இல்லை. 1972-இல் சத்தியமங்கலம் காட்டில் குட்டியாகத் திரிந்ததைப் பிடித்து வந்தார்கள். அரை நூற்றாண்டு உழைத்தது. எதற்கு உழைத்தது? பெரும்பாலும் தன் இனத்தை விரட்ட, வளைக்க, கட்டி இழுத்து லாரியில் ஏற்ற.

எங்கள் நீலகிரியிலும் இந்த வேலைக்கு ஆளெடுப்பு உண்டு. டி.என்.பி.எஸ்.சி. தேர்வு கிடையாது, வேலைவாய்ப்பு அலுவலகப் பதிவு மூப்பு கிடையாது. முதல் தகுதி, குற்றவாளிப் பட்டம். மூர்த்தி என்ற மக்னாவை, அதாவது தந்தமில்லாத ஆண் யானையை, எடுத்துக்கொள்ளுங்கள். கேரளத்தில் இருபதுக்கும் மேற்பட்டவர்களைக் கொன்றது என்று சுட்டுத் தள்ள அங்கே உத்தரவு போட்டார்கள். 1998-இல் கூடலூர்ப் பக்கம் அதைப் பிடித்தபோது உடம்பில் துப்பாக்கிக் குண்டுக் காயங்கள் இருந்தன. கால்நடை மருத்துவர் வி. கிருஷ்ணமூர்த்தி வைத்தியம் பார்த்துப் பிழைக்க வைத்தார். அவர் பெயரையே யானைக்கும் வைத்தார்கள். தெப்பக்காட்டில் குழந்தைகள் தொட்டுப் பார்க்கிற அளவுக்குச் சாதுவாகி, 2022-இல் ஓய்வு பெற்று, 2024 அக்டோபரில் இறந்துபோனது. வைத்தியம் பார்த்தவரைக் கையெடுத்துக் கும்பிடலாம். ஆனால் ஒரு கேள்வி பாக்கி இருக்கிறது. இவ்வளவு சாதுவான பிராணி கேரளத்தில் ஏன் அப்படி ஆனது? இருபத்து நான்கு வருட சர்வீஸில் அந்தக் கேள்விக்கு ஒரு ஃபைல் திறக்கப்பட்டதா?

இப்போது எங்கள் சேரங்கோட்டுக்கு வாருங்கள். 2020 டிசம்பரில் இந்தப் பகுதியில், கொளப்பள்ளியில் அப்பனையும் பிள்ளையையும் ஒரே இரவில் ஒரு யானை அடித்துக் கொன்றது. அந்த நாட்களில் போன உயிர் மொத்தம் மூன்று. அந்த வீடுகளின் அழுகையை வைத்து அங்கதம் எழுத எனக்குக் கை வராது. கொம்பு உடைந்த அந்த யானைக்குப் பெயர் சங்கர். 2021 பிப்ரவரியில் சேரம்பாடியில் மயக்க ஊசி போட்டு, கும்கிகளைக் கொண்டு கட்டி இழுத்து, தெப்பக்காட்டுக்கு ஏற்றினார்கள். அங்கே கரால் காத்திருந்தது. தடித்த மரக்கட்டைகளை அடுக்கிக் கட்டிய கூண்டு அது. முன்னே இரண்டடி, பின்னே இரண்டடி. மலை மலையாக நடந்த கால்களுக்கு அவ்வளவுதான் உலகம். கட்டளைக்குப் பணிந்தால் கரும்பு, பணியாவிட்டால் கம்பு. மாதக்கணக்கில் இந்தப் பாடம் நடந்தது. படித்து முடித்த சங்கர் இன்று கும்கிகளின் வரிசையில் நிற்கிறது. கொலைக் குற்றவாளி, காவல்காரன் ஆகிவிட்டது. காலம் வந்தால் அதற்கும் வயது அறுபதாகும், அதற்கும் மாலை விழும். நாளைக்கே பந்தலூர்ச் சரிவில் ஒரு கூட்டத்தை விரட்ட அதைக் கொண்டுவந்து நிறுத்தினால், எதிரே நிற்பது கூடப் பிறந்ததா, குட்டியில் கூட விளையாடியதா என்று கேட்க எந்தப் படிவத்திலும் கட்டம் இல்லை.

அதற்குத் தெரியாது என்று நினைக்காதீர்கள். அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில் யானைகளுக்கான சரணாலயம் ஒன்று இருக்கிறது. சர்க்கஸில் உழைத்து ஓய்ந்த ஷெர்லி என்ற யானை 1999-இல் அங்கே வந்து சேர்ந்தது. ஜென்னி என்ற இளைய யானை ஏற்கெனவே அங்கே இருந்தது. ஜென்னி குட்டியாக இருந்தபோது இரண்டும் ஒரே சர்க்கஸில் இருந்தவை. பிரிந்து இருபது வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது. இடையில் இருந்த கம்பித் தடுப்பினூடே ஒன்றையொன்று தடவிப் பார்த்துப் பிளிறின. அதன் பிறகு பிரியவே இல்லை.

நாமும் யானையின் ஞாபகசக்தியை மெச்சுகிறவர்கள்தான். பள்ளிப் பாடத்தில் மெச்சுவோம், மேடையில் மெச்சுவோம். அந்த ஞாபகத்தை வைத்துக்கொண்டு அது நடந்து வந்தால்தான் நமக்குப் பிடிக்காது. ரிவால்டோ என்ற யானையை வாழைத்தோட்டம் என்ற ஊரில் கராலில் அடைத்து வைத்திருந்து, 2021 ஆகஸ்டில் முதுமலைக் காட்டுக்குள் நாற்பது கிலோமீட்டர் தள்ளிக் கொண்டுபோய் விட்டார்கள். மறுநாளே வாழைத்தோட்டத்துக்கு வந்துவிட்டது. அரிசிக்காக வீடுகளை இடித்ததால் 'அரிசி ராஜா' என்று பேர் வாங்கிய பந்தலூர் மக்னா, தேவாலா பக்கம் ஒரு பெண்ணைக் கொன்றது. 2022 டிசம்பரில் அதைப் பிடித்து, ரேடியோ காலர் மாட்டி, முதுமலையில் இறக்கினார்கள். அது நடந்தது, நடந்தது, நூறு கிலோமீட்டருக்கு மேல் நடந்தது. ஒரு மாதத்தில் கேரளத்தின் சுல்தான் பத்தேரி கடைவீதிக்கே வந்து நின்றது. அந்த மாநிலம் அதைப் பிடித்து முத்தங்கா கராலில் அடைத்தது. 2024 டிசம்பரில் எங்கள் சேரம்பாடி வட்டாரத்தில் வீடுகளை இடித்த 'புல்லட்' என்ற யானை ஆனைமலைக்கு ஏற்றப்பட்டது. மாவட்டம் விட்டு மாவட்டம், மாநிலம் விட்டு மாநிலம். பிடிக்காத குமாஸ்தாவை இடமாற்றம் செய்தால் பிரச்சினை தீர்ந்துவிடும் என்று நம்புகிற அதே மூளைதான் இதற்கும் உத்தரவு போடுகிறது.

அந்த யானைகள் தேடி வருகிற பாதையை மறித்தது யார்? இதில்தான் நம் அரசின் ஞாபகசக்தி பல்லிளிக்கிறது. 1964 அக்டோபரில் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் நம் பிரதமர் சாஸ்திரியும் உட்கார்ந்து இலங்கைத் தோட்டத் தமிழர் தலைகளை எண்ணிப் பங்கு போட்டார்கள். ஐந்தேகால் லட்சம் பேர் இந்தியாவுக்கு, மூன்று லட்சம் பேர் இலங்கைக்கு, மிச்சத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று முடிவு. அட்டனிலும் பதுளையிலும் பிறந்து வளர்ந்தவர்களுக்கு 'தாயகம் திரும்பியோர்' என்று அட்டை கொடுத்தார்கள். அவர்களுக்கு வேலை தர 1968-இல் இந்த மலைகளில் காட்டை வெட்டித் தேயிலை நடத் தொடங்கினார்கள். பின்னாளில் அது டேன்டீ என்ற அரசு நிறுவனமானது. சேரங்கோடு, சேரம்பாடி, கொளப்பள்ளி, நெல்லியாளம் எல்லாம் அதன் கோட்டங்கள். அந்தத் திட்டத்தைத் தொடங்கி நடத்திய துறை எது தெரியுமா? வனத்துறை.

ஆம், வனத்துறையேதான். காட்டை வெட்டியது அது. தேயிலை நட்டது அது. யானைப் பாதையில் லயன் எனும் வரிசை வீடுகளைக் கட்டி ஆளைக் குடிவைத்தது அரசு. அந்த லயன் அடுப்படியில் ரேஷன் அரிசி மூட்டை இருக்கும். ஒற்றைச் செங்கல் சுவருக்கு அப்பால் யானை மூச்சுவிடுவது உள்ளே படுத்திருப்பவளுக்குக் கேட்கும். சுவர் இடிந்தால் யானையைப் பிடிக்க வருவதும் அதே துறை. பிடித்ததற்கு ஐம்பது வருடம் கழித்து மாலை போடுவதும் அதே துறை. கன்னத்தில் அறைந்துவிட்டு மிட்டாய் கொடுக்கும் வாத்தியாரைப் பார்த்திருக்கிறோம். அறைந்ததையே சேவையாகப் பதிவேட்டில் எழுதிப் பாராட்டு விழா நடத்துகிற வாத்தியாரை இங்கேதான் பார்க்கிறோம்.

ஓய்வு பெற்ற இன்னொரு வகையினரும் இங்கே உண்டு. பனியில் நனைந்து, அட்டை கடித்து, முதுகில் கூடையோடு கொழுந்து பறித்தே வயதானவர்கள். அவர்களுக்குப் பாராட்டு விழா எப்படி? லயனைக் காலி செய் என்று நோட்டீஸ். பணிக்கொடைக்கு அலைச்சல். நட்டம் என்று சொல்லி 2022-இல் இரண்டாயிரத்துச் சொச்சம் ஹெக்டேர் தேயிலை நிலத்தை வனத்துறைக்கே திருப்பிக் கொடுக்க ஆணை வந்தது. காட்டிலிருந்து வந்தது காட்டுக்கே போகட்டும், நல்லதுதான். இலங்கையிலிருந்து வந்தவர்கள் எங்கே போவது? மறுபடியும் கப்பலா? போராட்டம் கிளம்பிய பிறகுதான் வீடு தருகிறோம் என்று அறிவிப்பு வந்தது.

தெப்பக்காட்டில் யானைகளுக்கு உணவு கொடுக்கும் இடத்தில் ஒரு பலகை உண்டு. எந்த யானைக்குக் கேழ்வரகு எவ்வளவு, கொள்ளு எவ்வளவு, வெல்லம் எவ்வளவு, உப்பு எவ்வளவு என்று பெயர் பெயராக எழுதியிருக்கும். வேகவைத்துக் கட்டியாக்கிய உருண்டையைப் பாகன் வாய்க்குள்ளேயே வைப்பார். வேலை பார்க்கிற யானைக்கும் சரி, ஓய்வு பெற்ற யானைக்கும் சரி, வேளைக்குச் சோறு உண்டு, மருத்துவர் உண்டு. அதைப் பிடுங்கு என்று நான் சொல்லவில்லை. இன்னும் ஒரு கவளம் கூடவே கொடுங்கள். ஓய்வு பெற்ற கொழுந்துக்காரிக்கு என்ன பாக்கி என்று எழுதிய பலகை சேரங்கோட்டில் எங்கே தொங்குகிறது என்றுதான் கேட்கிறேன்.

ஆஸ்கர் வந்த 2023-ஆம் ஆண்டைப் பாருங்கள். பாகன் தம்பதி பொம்மனும் பெள்ளியும் வளர்த்த குட்டியானை ரகுவின் கதையைச் சொன்ன ஆவணப்படம் விருது வாங்கியதும் தெப்பக்காடு புண்ணியத் தலமாகிவிட்டது. ஏப்ரலில் பிரதமர் வந்தார், கரும்பு ஊட்டினார், கேமரா கிளிக்கியது. ஆகஸ்டில் குடியரசுத் தலைவர் வந்தார். மாநில அரசு இரண்டு முகாம்களின் பாகன்கள், அவர்களின் உதவியாளர்களான காவடிகள் என 91 பேருக்குத் தலா ஒரு லட்சமும், வீடு கட்ட 9 கோடியே 10 லட்சமும் அறிவித்தது. நல்ல காரியம். குறும்பரும் இருளரும் காட்டுநாயக்கரும் தலைமுறை தலைமுறையாக யானைக் காலடியில் உயிரைப் பணயம் வைத்தபோது தோன்றாத கருணை, லாஸ் ஏஞ்சல்ஸில் கை தட்டியதும் பொங்கி வழிந்தது. இனி சேரங்கோட்டுத் தொழிலாளிகளும் பணிக்கொடை கேட்டு மனு எழுத வேண்டாம். நல்ல இயக்குநராகப் பார்த்துப் பிடித்துவிட்டால் போதும்.

பாதையைத் திருப்பிக் கொடுப்பதிலாவது அறிவு வந்ததா என்றால், 2024 ஏப்ரல் கடைசியில் 42 யானை வழித்தடங்கள் என்று ஒரு வரைவு அறிக்கை வெளியானது. கருத்துச் சொல்ல முதலில் ஒரு வாரம் போலத்தான் அவகாசம் கொடுத்தார்கள். கூடலூரும் பந்தலூரும் கொதித்தன. கொதிக்காமல் என்ன செய்யும்? 1969-இல் ஜன்ம நில ஒழிப்புச் சட்டம் போட்டு, 'செக்‌ஷன் 17' என்று ஒரு பெரும் பரப்பை அந்தரத்தில் விட்டுவிட்டு, இன்றுவரை அங்கே குடியிருப்பவனுக்குப் பட்டாவும் இல்லை, பல வீடுகளுக்கு மின்சாரமும் இல்லை. அரை நூற்றாண்டாக ஒரு செக்‌ஷனை முடித்துவைக்கத் தெரியாதவர்கள் ஒரு வாரத்தில் நாற்பத்திரண்டு பாதை திறக்கப் புறப்பட்டார்கள். யானைக்கும் ஏழைக்கும் சண்டை மூட்டிவிட இதைவிட நல்ல வழி கிடையாது. இருவரும் மோதிக்கொண்டிருக்கும்வரை பெரிய எஸ்டேட்காரனையும் ரிசார்ட்காரனையும் யார் திரும்பிப் பார்க்கப் போகிறார்கள்?

செய்ய வேண்டியது இதுதான். ஓய்வு பெற்ற தொழிலாளிக்குக் கையில் பணிக்கொடை, பெயரில் வீடு, பிறகு நோட்டீஸ். செக்‌ஷன் 17-க்கு முடிவு. வழித்தடத்தைத் திறப்பதென்றால் ரிசார்ட் மதிலில் தொடங்கட்டும், லயன் சுவரில் வேண்டாம். இன்னொரு யானையைக் கராலில் அடைக்கும் முன், அது எங்கே போக நினைத்தது என்று விசாரித்து எழுதி வெளியிடட்டும். இதற்கெல்லாம் நிதி எங்கே என்பார்கள். மயக்க மருந்துக்கும் லாரிக்கும் ரேடியோ காலருக்கும் கரால் கட்டைக்கும் எங்கிருந்து வந்ததோ அங்கிருந்தே வரும். கூடவே கொஞ்சம் வெட்கமும் தேவைப்படும். அதை மட்டும் எந்த பட்ஜெட்டிலும் ஒதுக்க முடியாது.