சுவரோடு ஒரு சம்பந்தம்

கேள்வி: ஒன்றரை வயது மகன் டிராயர்களை இழுத்து அலமாரி மேல் ஏறுகிறான். எத்தனை அதட்டினாலும் கேட்பதில்லை. என்ன செய்வது?

பதில்: அதட்டலை விடுங்கள்; அலமாரிக்கும் சுவருக்கும் உடனே முடிச்சுப் போடுங்கள். அவனுக்கு அது படிக்கட்டு. ஒவ்வொரு டிராயரைத் திறக்கும்போதும் பாரம் முன்பக்கம் வரும். அதில் பிள்ளை காலையும் வைத்தால் மொத்தமும் அவன் மேல்தான் சாயும். இப்படிக் குழந்தைகள் இறந்த பிறகுதான், 2016-ல் அமெரிக்காவில் ஐக்கியா நிறுவனம் சுமார் 2.9 கோடி டிராயர் அலமாரிகளைத் திரும்பப் பெறுவதாக அறிவித்தது.

தச்சரைக் கூப்பிட்டு, மேல் பலகையில் ‘எல்’ கிளாம்ப் வைத்து முடுக்கச் சொல்லுங்கள். பூச்சில் அடித்த ஆணி ஒரே இழுப்பில் வந்துவிடும். செங்கல்வரை துளைபோட்டு, பிளக் வைத்து, ஸ்க்ரூ போட வேண்டும். கனமான சாமான்கள் கீழ் டிராயருக்குப் போகட்டும். ரிமோட்டையும் பொம்மையையும் மேலே வைக்காதீர்கள், அவனை ஏறச்சொல்லிக் கூப்பிடுவதே அவைதான்.

வாடகை வீடா? காலி செய்யும்போது பட்டி பார்த்துத் தருகிறோம் என்று வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டு, இந்த ஞாயிறே துளை போடுங்கள்.